தர மதிப்பீட்டுப் பயிற்சியும் கிராமப்புறக் கல்லூரியும்

உயர்கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிட்டுச் சான்றளிக்கும் பணியை இந்தியாவில் தேசிய மதிப்பீட்டு மற்றும் தரச்சான்றுக் குழு செய்துவருகிறது. 'நாக்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் இக்குழுவைப் பல்கலைக்கழக மானியக் குழு 1994-இல் தொடங்கியது. இதன் தலைமையகம் பெங்களூருவில் உள்ளது. இந்த மதிப்பீட்டுக்காகக் கல்லூரி ஆசிரியர்களுக்கும் அலுவலர்களுக்கும் பல பயிற்சிகள் நடத்தப்படுகின்றன. அவை எதைக் கற்றுத் தருகின்றன, யாருக்குக் கற்றுத் தருகின்றன என்பதைப் பெரம்பலூர், அரியலூர் மாவட்டக் கல்லூரிகளை மனத்தில் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

மதிப்பீட்டு முறை

ஒரு கல்லூரி ஐந்து ஆண்டுத் தரவுகளுடன் தன்னாய்வு அறிக்கையை அளிக்க வேண்டும். பாடத்திட்டம், கற்றல்-கற்பித்தல், ஆராய்ச்சி, உள்கட்டமைப்பு, மாணவர் முன்னேற்றம், நிர்வாகம், நிறுவன விழுமியங்கள் என ஏழு அளவுகோல்களின்படி அந்த அறிக்கை மதிப்பிடப்படும். 2017-இல் அறிமுகமான முறையில் ஏறத்தாழ 70 விழுக்காடு எண்களைச் சார்ந்தது. எஞ்சிய பகுதியை ஆய்வுக்குழு நேரில் வந்து பார்த்தது. 4 புள்ளிகளுக்கு 3.51-க்கு மேல் பெற்றால் 'ஏ பிளஸ் பிளஸ்'. 1.50-உம் அதற்குக் கீழும் 'டி', அதாவது தரச்சான்று இல்லை.

கல்லூரிக்குள் இப்பணியை அகத்தர உறுதி மையம் கவனிக்கிறது. முதல்வர் இதன் தலைவர், ஆசிரியர் ஒருவர் ஒருங்கிணைப்பாளர். மாணவர், முன்னாள் மாணவர், உள்ளூர்ப் பொதுமக்கள் ஆகியோரின் பிரதிநிதிகளுக்கும் இதில் இடம் உண்டு. ஆண்டுதோறும் தர அறிக்கை அனுப்புவது இம்மையத்தின் கடமை.

இந்த ஏற்பாட்டால் நன்மை இல்லை என்று சொல்ல முடியாது. படித்து முடித்தவர்கள் எங்கே போனார்கள், நூலகத்தை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பன போன்ற கேள்விகளைக் கல்லூரிகள் தம்மிடமே கேட்டுக்கொள்ள இது வழிசெய்தது. குறை பயிற்சியின் நோக்கத்தில் இருக்கிறது.

பயிற்சி எதைக் கற்றுத் தருகிறது?

இத்தகைய பயிற்சிகளின் பேசுபொருள் பெரும்பாலும் ஒன்றுதான்: எந்த அட்டவணையை எப்படி நிரப்புவது, எந்தச் சான்றை எங்கே பதிவேற்றுவது, எந்த அளவுகோலில் எளிதாக மதிப்பெண் கூட்டலாம். அளவுகோல் பட்டியலிலேயே ஆசிரியர்களுக்கு எத்தனை பயிற்சிகள் நடத்தப்பட்டன என்பதும் கணக்கிடப்படுகிறது. ஆகவே பயிற்சி நடத்துவதே ஒரு சான்றாகிவிடுகிறது. வருகைப் பதிவேடு, நிழற்படம், சான்றிதழ் மூன்றும் இருந்தால் கணக்குச் சரியாகிவிடும். அப்பயிற்சிக்குப் பிறகு வகுப்பில் என்ன மாறியது என்ற கேள்வி அட்டவணைக்கு வெளியே நின்றுவிடுகிறது.

இணைவுபெற்ற இளநிலைக் கல்லூரிகளுக்கு மொத்தம் 1000-இல் 350 மதிப்பெண் கற்றல்-கற்பித்தலுக்கே ஒதுக்கப்பட்டது. ஏழு அளவுகோல்களில் இதுவே பெரியது. கிராமப்புறக் கல்லூரி உண்மையில் உழைக்க வேண்டிய இடமும் இதுதான். ஆனால் தன்னாட்சி பெறாத கல்லூரி பாடத்திட்டத்தைத் தானே வகுப்பதில்லை. பெரம்பலூர், அரியலூர்ப் பகுதியில் கலை, அறிவியல் கல்லூரிகளுக்குப் பாடத்திட்டம் தருவதும் பருவத் தேர்வு நடத்துவதும் திருச்சியிலுள்ள பாரதிதாசன் பல்கலைக்கழகம். கல்லூரி ஆசிரியரின் கையில் இருப்பவை வகுப்பறையும் அகமதிப்பீடும் மட்டுமே. பெரிய நகரத்துத் தன்னாட்சிக் கல்லூரிக்கு எழுதிய பயிற்சிக் குறிப்புகளை இங்கே அப்படியே ஒப்பித்தால், பிறர் வகுத்த பாடத்துக்குக் கற்றல் விளைவு அட்டவணை போடும் வேலைதான் மிஞ்சும்.

பள்ளி ஆசிரியராக வேண்டுமானால் கல்வியியல் பட்டம் வேண்டும். அதில் அடைவுத் தேர்வு, குறையறி சோதனை, குறைதீர் கற்பித்தல் ஆகியவற்றைப் படித்து, செய்தும் காட்ட வேண்டும். கல்லூரி ஆசிரியராவதற்கு நெட், செட் அல்லது முனைவர் பட்டம் போதும். கற்பிக்கும் பயிற்சி வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் வருகிறது. 2017 முறையின் கையேட்டில் மெல்லக் கற்போரைக் கண்டறிந்து அவர்களுக்கு என்ன செய்கிறீர்கள் என்ற கேள்வி இருந்தது. அதற்கு விடை எழுதக் கற்றுக்கொடுத்த அளவுக்கு, மெல்லக் கற்போரைக் கண்டறியக் கற்றுக்கொடுத்தோமா? பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளைவிக்கும் குடும்பங்களிலிருந்து தமிழ்வழியில் படித்து, வீட்டின் முதல் பட்டதாரியாக வரும் மாணவருக்கு இந்தக் கேள்வியே முதன்மையானது.

யாருக்குப் பயிற்சி?

1965-இல் தொடங்கிய அரியலூர் அரசு கலைக் கல்லூரி முதல் குரும்பலூர், வேப்பந்தட்டைக் கல்லூரிகள் வரை, இவ்விரு மாவட்டங்களின் அரசுக் கல்லூரிகள் எளிய குடும்பத்துப் பிள்ளைகளை நம்பி நடப்பவை. தமிழகம் முழுவதும் இத்தகைய கல்லூரிகளில் வகுப்புச் சுமையின் பெரும்பங்கைக் கௌரவ விரிவுரையாளர்கள் சுமக்கிறார்கள். அவர்களின் மாதத் தொகுப்பூதியம் 2024-இல் ரூ. 20,000-லிருந்து ரூ. 25,000 ஆக உயர்ந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2019-இலேயே மாதம் ரூ. 50,000 வரை வழங்கலாம் என்று கூறியிருந்தது.

மானியக் குழு நடத்தும் புத்தொளிப் பயிற்சி, புத்தாக்கப் பயிற்சி போன்றவை பதவி உயர்வோடு இணைக்கப்பட்டவை. பதவியே நிலையில்லாதவருக்கு உயர்வு ஏது? நிரந்தர ஆசிரியர் பயிற்சி பெற்று ஒருங்கிணைப்பாளர் ஆகிறார். பணிமாறுதல் வந்ததும் கற்றதைத் தம்மோடு கொண்டுபோய்விடுகிறார். பல ஆண்டுகள் அதே வகுப்பில் நின்று மாணவரை அறிந்த கௌரவ விரிவுரையாளருக்கோ பயிற்சியில் இடமும் இல்லை, சென்றால் படியும் இல்லை. தரவுகளைத் திரட்டும் அலுவலக உதவியாளரின் நிலையும் ஏறத்தாழ இதுவே.

இலங்கைப் பல்கலைக்கழகங்களில் பணியாளர் மேம்பாட்டு நிலையங்கள் உள்ளன. புதிய விரிவுரையாளர் அங்கே கற்பித்தல் பயிற்சி பெறுவது பணி உறுதிப்பாட்டுக்குத் தேவையான ஒன்றாக ஆக்கப்பட்டுள்ளது. தரம் வகுப்பறையில் தொடங்குகிறது என்பதை அந்த ஏற்பாடு ஒப்புக்கொள்கிறது.

எண்ணுக்கு ஓடினால்

2025 பிப்ரவரியில் ஆந்திரத்திலுள்ள ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கு உயர்ந்த தரக்குறியீடு தர லஞ்சம் கைமாறியதாகக் குற்றம் சாட்டி, நாக் ஆய்வுக்குழுத் தலைவர் உள்ளிட்ட பலரை சி.பி.ஐ. கைது செய்தது. அதற்கு முன்பே, 2024 ஜனவரியில், எழுத்துத் தரக்குறியீட்டை விட்டுத் 'தரச்சான்று உண்டு, இல்லை' என்ற எளிய முறைக்கு மாறப்போவதாக நாக் அறிவித்திருந்தது. இஸ்ரோவின் முன்னாள் தலைவர் கே. இராதாகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் பரிந்துரை இது. முறை மாறினாலும் பயிற்சியின் பார்வை மாறாவிட்டால், பழைய அட்டவணை போய்ப் புதிய அட்டவணை வரும். அவ்வளவே.

செய்யக்கூடியவை

முதலாவது, பயிற்சி ஒரு விடைத்தாள் கட்டிலிருந்து தொடங்கட்டும். அகத்தேர்வில் எந்த வினாவில் பலர் தவறினர், பாடம் புரியவில்லையா, ஆங்கிலத்தில் கேட்ட வினா புரியவில்லையா என்று பிரித்தறிந்து, மீண்டும் கற்பித்து, மீண்டும் சோதிக்க வேண்டும். இதைச் செய்து முடித்தால் அறிக்கைக்கு வேண்டிய சான்று தானே கிடைத்துவிடும்.

இரண்டாவது, கௌரவ விரிவுரையாளருக்கும் அலுவலருக்கும் பயிற்சி நாளைப் பணிநாளாகக் கருதி ஊதியமும் பயணப்படியும் தரவேண்டும்.

மூன்றாவது, இரு மாவட்டக் கல்லூரிகளும் பருவத்துக்கு ஒருமுறை கூடித் தத்தம் வகுப்பறை அனுபவத்தைப் பரிமாறிக்கொள்ளலாம். ஒரே பல்கலைக்கழகப் பாடத்தை நடத்துகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இடறுவார்கள். ஒருவர் கண்ட வழி மற்றவருக்கும் உதவும்.

தரச்சான்றுக்கு ஐந்து ஆண்டு ஆயுள். மாணவர் கல்லூரியில் இருப்பது மூன்றே ஆண்டு. அடுத்த ஆய்வுக்குழு வரும்வரை அவர் காத்திருக்க முடியாது.