வல்லிசை வண்ணம்

எங்கள் திருவேங்கடம் கரிசல் காட்டு ஊர். ஐப்பசி, கார்த்திகை மழையில் குளம் நிறைந்து, மடையைத் திறந்துவிடுகிற நாளில் கரையில் நின்று பார்த்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும்: முதலில் வருவது தெளிந்த நீரன்று, அடியில் படிந்து கிடந்த வண்டலையும் சருகையும் புரட்டிக்கொண்டு, கல்லில் மோதி உறுமிக்கொண்டு வருகிற கலங்கல் நீரே முதலில் வரும். மலேசியாவின் யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகிய மூவர், யோகி பி அண்ட் நட்சத்ரா என்ற பெயரில் 2006-இல் வெளியிட்ட ‘வல்லவன்’ இசைத்தொகுப்பிலுள்ள ‘மடை திறந்து’ பாட்டைக் கேட்கும்போதெல்லாம், அந்தக் கலங்கல் நீரின் கம்பீரம்தான் என் மனத்தில் எழுகிறது.

மூலப் பாட்டை அறியாதார் இலர். பாரதிராஜாவின் ‘நிழல்கள்’ படத்துக்காக 1980-இல் வாலி இயற்ற, இளையராஜா இசையமைக்க, எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடியது அது. சங்கீதத்தில் பேர் வாங்கத் துடிக்கிற இளைஞன் ஒருவனின் கனவு, அதில் குதூகலமாகத் துள்ளுகிறது. இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின் வந்த இளைஞர்கள் அந்தப் பல்லவியை மாத்திரம் நன்றியோடு வைத்துக்கொண்டு, சரணங்கள் இருந்த இடத்தில் ஸ்வர சஞ்சாரமே இல்லாத, லயத்தை மட்டும் பற்றி ஓடுகிற வேகமான சொற்பெருக்கை அமைத்தார்கள். கனவாக இருந்தது பிரகடனம் ஆயிற்று. பொயட்டிக் அம்மோ என்னும் குழுவில் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே ராப் சொல்லிவந்த யோகி பி, தாய்மொழிக்குத் திரும்பியபோது அவர் குரலுக்கு வாய்த்த முரட்டு வலிமை எங்கிருந்து வந்தது என்பதே நான் நெடுநாள் யோசித்த விஷயம்.

முழங்குகிற மேளக்கட்டிலிருந்து மட்டும் வந்ததன்று அது என்பேன். ‘பகல்’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நடுவில் நிற்கும் ககரம் இளகிக் காற்றாய்க் கரைந்துவிடுகிறது. உடனே ‘பக்கம்’ என்று சொல்லுங்கள். அதே ககரம் ஒற்றோடு சேர்ந்ததும், மூச்சு ஒரு கணம் முட்டி நின்று, வெடித்துப் புறப்படுகிறது. இந்த மூவரும் தாளத்தின் அடி விழுகிற இடத்தில் இத்தகைய இரட்டித்த வல்லெழுத்தை வைத்து, எதுகையால் அடுத்த அடிக்குத் தாவும்போது, நாவே தோற்கருவி ஆகிவிடுகிறது. இருபது வண்ணங்களை வகுத்த தொல்காப்பியர், வல்லெழுத்து மிகுவதை வல்லிசை வண்ணம் என்று பெயரிட்டு வைத்திருக்கிறார். அந்நிய தேசத்துச் சரக்கு என்று சிலர் ஒதுக்குகிற ஓசைக்கு நம் இலக்கணத்தில் இடம் உண்டு.

இடையிடையே வரும் ஆங்கிலத் தொடர்கள் எனக்கு அவ்வளவாக ருசிக்கவில்லை. அங்கே அந்த வல்லோசை தளர்ந்து, பாட்டு யாரோ ஒருவருடைய பாட்டாகிவிடுகிறது. தமிழ் திரும்பிய மறுகணமே நிமிர்ந்துகொள்கிறது.

சங்கரன்கோவில் வட்டாரத்துச் சென்னிகுளத்தில் பிறந்து, கழுகுமலை முருகன்மீது காவடிச்சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியாரைப் படித்த காதுக்கு இந்த வேகம் புதிதே அன்று. காவடியைத் தோளில் ஏந்தி ஆடி நடக்கிறவனின் கால்வீச்சுக்கு ஏற்ப, எதுகையும் இயைபும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழ, மூச்சு விடவும் அவகாசமின்றி ஓடும் சிந்து அது. அவருடைய சொல்லில் குழைவு அதிகம், இவர்களுடையதில் முரட்டுத்தனம் அதிகம், ஓட்டம் ஒன்றே.

பங்குனி உத்திரத்துக்குக் கழுகுமலைக்கு நடக்கும்போது சிந்து பாடுகிற பெரியவர்கள் நம் பக்கத்து ஊர்களில் இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளின் கைபேசியில் இந்தப் பாட்டு ஒலிக்கும்போது, நிறுத்தச் சொல்லாமல், ஒரு முறை தொடையில் தாளம் போட்டுக் கேட்குமாறு அவர்களை வேண்டிக்கொள்கிறேன்.