பேரரசால் லாபமா நட்டமா: இரண்டு எண்களும் ஒரு கிளாஸ்கோ என்ஜினும்

இந்தியாவை ஆண்டதால் பிரிட்டனுக்கு லாபமா நட்டமா என்ற சண்டை கிளம்பினால் இரண்டு தரப்பும் கையில் ஆளுக்கொரு ஆயுதத்தோடு வந்துவிடுவார்கள். நம்மவர்களிடம் 45 டிரில்லியன் டாலர். எதிர்த்தரப்பிடம் ஒரு தடிப் புத்தகம். லான்ஸ் டேவிஸ், ராபர்ட் ஹட்டன்பேக் இருவரும் எழுதி 1986ல் கேம்பிரிட்ஜ் வெளியிட்ட 'மாமன் அண்ட் த பர்சூட் ஆஃப் எம்பயர்'. (மாமன் என்றால் நம்ம தாய்மாமன் இல்லை. பணத்தைச் சாமியாகக் கும்பிடுவதைச் சொல்ல விவிலியத்தில் வரும் பேர்.) "காலனிகளால் அவனுக்கே கையைக் கடிச்சுதாம், கணக்குப் போட்டுக் காட்டிட்டாங்க" என்று அந்தப் புத்தகத்தை நீட்டுவார்கள்.

முதலில் நம்ம பக்க எண்ணை முடித்துவிடுவோம், அது சீக்கிரம் முடியும். உத்சா பட்நாயக் 1765 முதல் 1938 வரை இந்தியாவின் ஏற்றுமதி உபரியை எடுத்துக்கொள்கிறார். நம்மிடம் வாங்கிய வரியிலேயே நம் சரக்கை வாங்கிக் கொண்டுபோனார்கள், ஆகவே அந்த உபரி முழுவதும் சுரண்டல் என்பது வாதம். இதில் நியாயம் இருக்கிறது. பிறகு அதற்கு 5 சதவீதம் கூட்டு வட்டி போட்டு இன்றைய தேதிவரை கொண்டுவருகிறார். 45 லட்சம் கோடி டாலர் வருகிறது. நீங்களே எக்செல்லில் போட்டுப் பாருங்கள். 1765ல் போன ஒரு பவுண்டு 2016ல் 5 சதவீதத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேல் ஆகிறது. 3 சதவீதத்தில் சுமார் 1,670. 2 சதவீதத்தில் வெறும் 144. அதாவது அந்தப் பெரிய எண்ணில் நாம் பார்ப்பது பெரும்பாலும் வட்டி விகிதத்தைத்தான். கிழக்கிந்தியக் கம்பெனி அதில் ஓரமாக நிற்கிறது.

இன்னொன்றும் உண்டு. நமக்கு ஆன இழப்பும் அவர்களுக்கு வந்த லாபமும் ஒரே எண் அல்ல. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கில் செத்தார்கள். அந்தச் சாவு லண்டனில் யாருடைய பேரேட்டிலும் வரவாக ஏறவில்லை. கொடுமை எவ்வளவு என்பது ஒரு கேள்வி, ஆதாயம் எவ்வளவு என்பது வேறு கேள்வி. இந்தப் பதிவு இரண்டாவதைப் பற்றியது.

இனி புத்தகம். நல்ல உழைப்பு, அதில் சந்தேகமே இல்லை. 1860 முதல் 1912 வரை ஏராளமான கம்பெனிகளின் கணக்குகளைத் தோண்டி, முதலீட்டுக்கு எங்கே என்ன ஆதாயம் கிடைத்தது என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள்: உள்நாடு, அந்நிய நாடு, பேரரசு. ஆரம்பத்தில் பேரரசு முதலீடு நன்றாகவே கொடுத்தது. 1880களுக்குப் பிறகு இறங்கி, உள்நாட்டைவிடக் கீழே போய்விட்டது. மறுபக்கம் பேரரசைக் காக்கும் ராணுவ, கடற்படைச் செலவைப் பிரிட்டிஷ் வரிகட்டுபவர் சுமந்தார். ஆகவே மொத்தத்தில் ஆதாயம் இல்லை என்று முடிகிறது.

இதைக் கையில் வைத்துச் சண்டைக்கு வருபவர்கள் புத்தகத்தின் அடுத்த பாதியைச் சொல்வதில்லை. பேரரசுக் கம்பெனிகளின் பங்குகளை வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் லண்டன் பணக்காரர்களும் நிலப்பிரபுக்களும். வரி கட்டியது நடுத்தர வர்க்கம். இதுவும் அவர்களே கண்டுபிடித்ததுதான். அப்படியென்றால் 'பிரிட்டனுக்கு நட்டம்' என்ற வாக்கியத்தில் பிரிட்டன் என்பது யார்? ஒருத்தன் பையிலிருந்து எடுத்து இன்னொருத்தன் பையில் போட்டு, இரண்டையும் கூட்டிப் பார்த்து ஒன்றும் நடக்கவில்லை என்கிற மாதிரி.

சரி, இது பலரும் சொன்னதுதான். என்னை உறுத்துவது வேறு இடம், அந்த மூன்று தலைப்புகள். என் பிழைப்பு மென்பொருள். ரிப்போர்ட் தப்பாக வந்தால் முதலில் கூட்டலைப் பார்க்க மாட்டோம், எந்த வரிசை எந்தத் தலைப்பில் விழுந்திருக்கிறது என்று பார்ப்போம். இங்கே ஒரு கம்பெனி எங்கே தொழில் நடத்துகிறதோ அதை வைத்துத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். கிளாஸ்கோவில் ரயில் என்ஜின் கட்டும் ஆலை எந்தத் தலைப்பில் வரும்? உள்நாடு. லங்காஷயர் நூற்பாலை? உள்நாடு.

எங்கள் ஊர் ரெட்டிபாளையத்தில் சுண்ணாம்புக்கல் வெட்டுகிறார்கள், பக்கத்திலேயே சிமெண்ட் ஆலை. அந்தக் கல்லை நம்பிப் பிழைப்பவர்கள் யார் என்று கணக்கெடுக்கப் போனால், நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிறவர் எந்தச் சுரங்கக் கணக்கிலும் வரமாட்டார். அவருக்கு வருகிற ஆர்டரில் ஒரு பங்கு இங்கிருந்துதான் போகிறது.

அந்தக் கிளாஸ்கோ என்ஜினையே எடுத்துக்கொள்வோம். 1865 முதல் 1941 வரை பிரிட்டனிலிருந்து இந்தியாவுக்கு வந்த என்ஜின்கள் சுமார் 12,000. அதே காலத்தில் இந்தியாவில் கட்டியது 700 சுற்று. இங்கே கட்டத் தெரியாததால் அல்ல. அஜ்மீர் பட்டறை 1895லேயே ஒரு என்ஜினைக் கட்டிக் காட்டிவிட்டது. ரயில்வே கம்பெனிகள் லண்டனில் பதிவானவை, போர்டு லண்டனில், கொள்முதலும் லண்டனில். நாகப்பட்டினத்திலிருந்து 1861, 62ல் தஞ்சாவூர், திருச்சி என்று பாதை போட்ட கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வேயும் இந்த வகைதான். போட்ட முதலுக்கு 5 சதவீதம் உத்தரவாதம், குறைந்தால் இந்திய வரிப்பணத்திலிருந்து ஈடு. இதில் ரயில்வே கம்பெனியின் 5 சதவீதம் 'பேரரசு' தலைப்பில் சுமாரான ஆதாயமாகத் தெரியும். என்ஜின் விற்றவனின் லாபமோ 'உள்நாடு' தலைப்பில் போய் உட்கார்ந்துகொண்டு, "பார்த்தாயா, உள்நாடே மேல்" என்று காட்டும்.

லங்காஷயர் கதை இன்னும் பச்சை. இந்தியாவில் துணிக்கு இருந்த இறக்குமதி வரியை 1882ல் எடுத்தார்கள். 1894ல் பணமுடையால் திரும்பப் போட்டபோது, 1896ல் இந்திய மில் துணிக்கும் 3.5 சதவீத உற்பத்தி வரி போட்டுச் சமப்படுத்தினார்கள். அது 1925 வரை நீடித்தது. சொந்த நாட்டு ஆலைக்கு அப்படி வரி போட, தன் சட்டத்தைத் தானே போடும் எந்த நாடு சம்மதிக்கும்?

எதிர்த்தரப்புக்கும் ஒரு நியாயம் உண்டு. காலனி ஆகாத அர்ஜென்டினாவும் பிரிட்டிஷ் முதலில்தான் ரயில் விட்டது. ஆகவே அந்த 12,000ம் பேரரசின் வரவு என்று எழுத முடியாது. ஒரு பங்கு எப்படியும் விற்றிருக்கும். எவ்வளவு பங்கு என்பதில் நியாயமாக வாதாடலாம். ஆனால் பூஜ்யம் என்று எழுத முடியாது, தலைப்பு பிரித்த விதம் அதைத்தான் செய்கிறது.

அடுத்தது செலவுப் பத்தி. பிரிட்டிஷ் வரிகட்டுபவர் சுமந்த பாரம் பெரும்பாலும் கனடா, ஆஸ்திரேலியா மாதிரி வெள்ளையர் குடியேறிய நாடுகளுக்காக. இந்தியா தன் ராணுவச் செலவைத் தானே கட்டியது. இது டேவிஸ், ஹட்டன்பேக்குக்கும் தெரியும். இந்தியா தன்னுடையதோடு நிற்கவும் இல்லை. 1867–68ல் அபிசீனியாவுக்குப் படை போனது, அதில் இந்தியச் சிப்பாய்களின் வழக்கமான சம்பளம் இந்தியக் கணக்கில். 1867ல் துருக்கி சுல்தான் லண்டன் வந்தபோது இந்தியா ஆபீஸில் நடந்த நடன விருந்துச் செலவும் இந்தியக் கணக்கில். சுல்தான் ஆடினாரோ இல்லையோ, பில் மட்டும் இங்கே வந்தது.

இப்படி லண்டனில் ஆகும் செலவுக்கு 'ஹோம் சார்ஜஸ்' என்று பேர். கடன் வட்டி, பென்ஷன், ராணுவச் செலவு, ஆபீஸ் செலவு எல்லாம் சேர்த்து 1900 வாக்கில் ஆண்டுக்குச் சுமார் 1.7 கோடி பவுண்டு. பணம் போன வழி சுவாரசியமானது. மூட்டை கட்டித் தங்கம் அனுப்பவில்லை. இந்தியாவிலிருந்து மணிலாக்கொட்டையோ பருத்தியோ வாங்கும் ஐரோப்பிய வியாபாரியின் பாங்கி, லண்டனில் இந்தியா மந்திரியிடம் பவுண்டு கொடுத்து 'கவுன்சில் பில்' என்ற சீட்டை வாங்கும். அந்தச் சீட்டு இந்தியாவுக்கு வந்து அரசு கஜானாவில் ரூபாயாக மாறும், அதில் இங்கே சரக்குக்குப் பணம் பட்டுவாடா ஆகும். கஜானாவில் இருந்த ரூபாய் நிலவரியும் உப்பு வரியும். வெளிநாட்டுக்காரன் கொடுத்த பவுண்டு லண்டனிலேயே தங்கிவிட்டது.

எஸ். பி. சால் 1960ல் வெளியிட்ட வர்த்தக ஆய்வில் இதன் மறுமுனை தெரிகிறது. 1910 வாக்கில் பிரிட்டனுக்கு அமெரிக்காவோடும் ஐரோப்பாவோடும் பெரிய பற்றாக்குறை. இந்தியாவோடு மட்டும் சுமார் 6 கோடி பவுண்டு உபரி. பிரிட்டனின் மொத்தப் பற்றாக்குறையில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் இந்தியாவை வைத்தே சமாளித்தார்கள் என்கிறார். இது எந்தக் கம்பெனியின் பங்காதாயத்திலும் தெரியாது. என் கண்ணுக்கு இந்த ஒரு எண், 45 டிரில்லியனைவிடக் கனமானது. வட்டி ஏற்றாமலே நிற்கிறது.

"அப்போ காலனி பெரிசா இல்லாத ஜெர்மனி எப்படி முந்தியது, காலனி வெச்சிருந்த போர்ச்சுகல் ஏன் ஏழையாவே கிடந்தது?" நல்ல கேள்வி. பேரரசு இல்லாமலும் தொழில் வளரும் என்று அது காட்டுகிறது, அவ்வளவுதான். பிரிட்டன் இந்தியாவிடம் ஒன்றும் பெறவில்லை என்பதற்கு அது சாட்சி ஆகாது.

இந்தச் சண்டையை நான் பார்த்தவரை ஒழுங்காக நடத்தியவர்கள் பழைய ஆட்கள்தான். 1895ல் இந்தியச் செலவுகளை விசாரிக்க வெல்பி கமிஷன் போட்டார்கள், தாதாபாய் நௌரோஜி அதில் உறுப்பினர். 1897ல் லண்டன் போய்ச் சாட்சி சொன்னவர்களில் ஜி. சுப்பிரமணிய ஐயர் ஒருவர். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் திருவையாற்றுக்காரர், 'தி இந்து'வையும் 'சுதேசமித்திர'னையும் தொடங்கியவர். அங்கே நடந்த வாதம் 'மொத்தம் எவ்வளவு கொள்ளை' என்பதல்ல. இந்தச் செலவு யார் தலையில் விழ வேண்டும், அந்தச் செலவு யார் தலையில், என்று இனம் இனமாக. பெரும்பான்மை அறிக்கை சில செலவுகளில் பிரிட்டன் ஒரு சிறு பங்கை ஏற்கலாம் என்றது. நௌரோஜி சிறுபான்மை அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்.

டேவிஸ், ஹட்டன்பேக் கணக்கு 1912ல் முடிகிறது. இன்சூரன்ஸ் பிரீமியம் எல்லாவற்றையும் செலவில் எழுதிவிட்டு, க்ளெய்ம் வருவதற்கு இரண்டு வருஷம் முன்னாடி நோட்டை மூடினால் நட்டம்தான் தெரியும். அவ்னர் ஆஃபர் 1993ல் ஏறக்குறைய இதையே சொல்லி மறுத்தார். 1914ல் போர் வந்தது. இந்தியாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கடல் கடந்தார்கள். 1916ல் உப்பு வரி ஏறியது. 1917ல் இந்தியா 10 கோடி பவுண்டு போர்ச் செலவை 'நன்கொடை' என்ற பேரில் ஏற்றுக்கொண்டது. அதற்கான கடன் வட்டியும் இந்தியக் கணக்கில்தான் எழுதப்பட்டது.