ஒரு மணி நேர விருந்தோம்பல்

சென்னையிலிருந்து கொழும்புக்கு வான்வழியில் சுமார் 650 கிலோமீட்டர். விமானம் காற்றில் இருப்பது ஏறக்குறைய ஒரு மணி நேரம். இதற்கு எதற்கு பிசினஸ் கிளாஸ் என்று கேட்பவர்கள் உண்டு. அகலமான இருக்கையும் கால் நீட்ட இடமும் இருக்கட்டும். எனக்கு அதில் பிடித்தது பணிப்பெண்களின் கைவேலை.

மேலேறும் நேரத்தையும் இறங்கும் நேரத்தையும் கழித்தால் அவர்கள் கையில் மிஞ்சுவது அரை மணியோ, கொஞ்சம் கூடவோதான். சீட் பெல்ட் விளக்கு அணைந்ததும் திரைக்குப் பின்னால் அடுப்பு இயங்கத் தொடங்கும். நீண்ட பயணங்களில் ஒவ்வொன்றாக வரும் உணவு, இங்கே ஒரே தட்டில் வந்துவிடும். வெள்ளைத் துணியை விரித்து, சுருக்கத்தை உள்ளங்கையால் நீவிவிட்டு, தட்டை ஓசையில்லாமல் வைப்பார்கள். ஸ்ரீலங்கன் விமானமென்றால் மயில்தோகைச் சேலை கட்டிய பெண் தேநீர் ஊற்றுவார். விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் நூறு டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும். அதனால் இலை சற்று நேரம் ஊற வேண்டும். அந்த அவசரத்திலும் அதற்குக் காத்திருந்து, கோப்பை தளும்பாதபடி விளிம்புக்குக் கீழேயே நிறுத்துவார். எந்த முகத்திலும் பரபரப்பு தெரியாது.

கோடியக்கரையைத் தாண்டினால் பாக் நீரிணை, பிறகு மன்னார். வானம் தெளிந்த பகலில் போகிறவர்கள் வலப்பக்க ஜன்னலைக் கேட்டு வாங்குங்கள். ராமர் பாலத்தின் மணல்திட்டுகள் கண்ணில் படலாம். இறங்கும்போது அந்தப் பணிப்பெண்களுக்கு வாய்விட்டு ஒரு நன்றி சொல்லுங்கள்.