நீதிபதியின் கதிரை யாருடையது?

இலங்கை நீதித்துறை பற்றிய எம்மவர் விவாதங்கள் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடுகின்றன: சிங்கள நீதிபதியிடம் தமிழனுக்கு நீதி கிடையாது. நோர்பரியில் அண்மையில் நடந்த கலந்துரையாடலிலும் இதையே கேட்டேன். இது அனுபவத்தில் பிறந்த வாக்கியம், ஆய்வு ஆகாது. 1984 முதல் 1988 வரை பிரதம நீதியரசராக இருந்தவர் எஸ். சர்வானந்தா, ஒரு தமிழர். அந்த ஆண்டுகளிலும் எமது இளைஞர்கள் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் சிறைகளில்தான் இருந்தனர்.

கதிரையில் இருப்பவரின் இனத்தைக் கேட்பதோடு, அவரை இருத்துபவர் யார், எழுப்புபவர் யார் என்றும் கேட்கவேண்டும். அந்த அரசியலமைப்பை முன்பு வகுப்பறையில் கற்பித்தவன், இன்று தொழிற்சாலையில் பொதி கட்டுபவன் என்ற வகையில் சிலவற்றை நினைவூட்டலாம்.

1978 அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த அன்றே உயர்நீதிமன்ற நீதியரசர்கள் அனைவரும் பதவியிழந்தனர். ஜனாதிபதி விரும்பியோரே மீண்டும் நியமனம் பெற்றனர். 1983இல், ஆறாவது திருத்தச் சத்தியப்பிரமாணத்தை ஜனாதிபதி முன்னிலையில் எடுக்கவில்லை எனக் கூறி நீதிமன்றக் கதவுகள் பூட்டப்பட்டன. பின்னர் புதிய நியமனக் கடிதங்கள் வழங்கப்பட்டன. நெவில் சமரக்கோன் ஜே.ஆர். தாமே தெரிந்தெடுத்த பிரதம நீதியரசர். 1984இல் ஒரு பரிசளிப்பு விழாவில் அரசை விமர்சித்தார். தெரிவுக்குழு விசாரணை தொடங்கிற்று. அவ்வாண்டே 65 வயது நிறைந்தது. அவரைக் காப்பாற்றியது ஓய்வுவயதேயன்றிச் சட்டமல்ல.

ஷிராணி பண்டாரநாயக்க விடயம் இன்னும் தெளிவானது. 2012இல் அவரை விசாரித்த தெரிவுக்குழுவின் 11 பேரில் 7 பேர் அரசதரப்பினர். நான் வேலைசெய்யும் இடத்தில் குற்றஞ்சாட்டிய மேற்பார்வையாளரே தொழிலாளியை விசாரிக்க முடியாது. அக்குழுவுக்கு அதிகாரமில்லை என 2013 ஜனவரியில் உயர்நீதிமன்றம் கூறியும் அவர் நீக்கப்பட்டார். 2015இல் புதிய ஜனாதிபதி அந்நீக்கம் செல்லாதென்றார். ஒருநாள் கதிரையிலிருந்து அவர் ஓய்வுபெற்றார். எம்மவர் பலர் கைதட்டினர். நீக்கியதும் ஜனாதிபதி, மீட்டதும் ஜனாதிபதி என்பதை எத்தனைபேர் கவனித்தோம்? இடையில் அக்கதிரையிலிருந்த மொஹான் பீரிஸ் 2021இல் ஐ.நா.வுக்கான தூதுவரானார். ஓய்வுக்குப் பின்னரும் பரிசு உண்டென்றால், தீர்ப்பெழுதும் கை அதை மறந்திருக்குமா?

2023 செப்டம்பரில் முல்லைத்தீவு மாவட்ட நீதிபதி ரி. சரவணராஜா, குருந்தூர்மலை வழக்கைத் தொடர்ந்து உயிரச்சுறுத்தல் எனக் காரணங்காட்டிப் பதவிவிலகி நாட்டைவிட்டு வெளியேறினார். அரசு அதனை மறுத்தது. எம்மைப் போலவே ஒரு நீதிபதியும் ஓடவேண்டியிருந்தது.

இனி எம்மை நோக்கியும் ஒரு கேள்வி. புலிகள் தம் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் நீதிமன்றங்களை நடத்தினர். அவற்றின் ஒழுங்கைப் பலர் புகழ்ந்தோம். அங்கே தலைமைக்கு எதிராகத் தீர்ப்பளித்த ஒரு நீதிபதி மறுநாளும் அதே கதிரையில் இருந்திருக்க முடியுமா? கொழும்பிடம் கேட்பதை எம்மிடம் கேட்கத் தயங்கினால், நாம் கோருவது நீதியை அல்ல, கதிரையை மட்டுமே.

சுயாதீன ஆணைக்குழுவின் பகிரங்க நியமனம், பாராளுமன்றத்துக்கு வெளியே விசாரணை, ஓய்வின்பின் அரச பதவித் தடை: எந்தத் தீர்வுத் திட்டத்திலும் இம்மூன்றையும் எழுதும்படி வாதிடுவோம்.