மொழியும் முகவரியும்: ஹங்கேரியப் பிரஜாவுரிமைச் சட்டம் பற்றிய ஒரு நோக்கு

ஒரு நாடு தன்னை யாருக்குரியதாகக் கருதுகின்றது என்பதை அதன் பிரஜாவுரிமைச் சட்டம் புலப்படுத்தும். ஹங்கேரி இதற்குத் தக்க சான்றாகும். 1920ஆம் ஆண்டின் திரியானோன் உடன்படிக்கையினால் அந்நாடு தன் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றிலிரண்டு பங்கை இழந்தது. மகியார் மொழி பேசுவோரில் ஏறக்குறைய முப்பது இலட்சம் பேர் இருந்த இடத்திலிருந்தே ருமேனியா, செக்கோஸ்லோவாக்கியா, யூகோஸ்லாவியா முதலிய அயல்நாடுகளின் ஆட்சிக்குட்பட்டனர்.

1993ஆம் ஆண்டுச் சட்டப்படி பிறநாட்டவர் பிரஜாவுரிமை பெறுவதற்குப் பொதுவாக எட்டாண்டுகள் ஹங்கேரியில் வதிந்திருத்தல் வேண்டும். அயல்நாட்டு மகியார்களுக்கு இந்நிபந்தனையைத் தளர்த்தும் நோக்குடன் 2004இல் நடைபெற்ற சர்வசன வாக்கெடுப்பு, போதிய வாக்காளர் பங்குபற்றாமையாற் பயனற்றுப் போயிற்று. ஆயினும் 2010ஆம் ஆண்டுத் திருத்தம், ஹங்கேரிய முன்னோர் வழிவந்து மகியார் மொழியறிந்தோருக்கு வதிவு நிபந்தனையை நீக்கியது. 2017இன் இறுதியில் இவ்வழி பிரஜைகளானோர் தொகை பத்து இலட்சத்தை எட்டியதாக அரசு அறிவித்தது.

பிரிக்கப்பட்டோரின் மனக்குறையைத் தீர்க்க முனைந்தமை இத்திருத்தத்தின் சிறப்பு என்பதை மறுத்தலாகாது. எனினும் அதன் விளைவுகளும் நோக்கற்பாலன. வேறொரு பிரஜாவுரிமையை விரும்பிப் பெறுவோர் தம் பிரஜாவுரிமையை இழப்பர் என ஸ்லோவாக்கியா உடனடியாகவே சட்டமியற்றிற்று. இரு அரசுகளின் பிணக்கிற் சிக்குண்டோர் அங்கு வாழ்ந்த மகியார்களே.

உள்நாட்டிலும் சமத்துவம் குன்றியது. 2014ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில், ஹங்கேரியில் முகவரியற்ற வெளிநாட்டுப் பிரஜைகள் கட்சிப் பட்டியலுக்கு அஞ்சல்மூலம் வாக்களித்தனர். ஹங்கேரியில் முகவரியை வைத்துக்கொண்டு இலண்டனில் தொழில் புரிந்தவரோ தூதரகத்துக்கு நேரிற் செல்லவேண்டியிருந்தது. அவருக்குத் தொகுதி வாக்கும் உண்டென்பது மெய்யே. ஆயினும் அஞ்சல் வாக்கு அவருக்கு மறுக்கப்பட்டமைக்கு அது நியாயமாகாது.

2025ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம் இம்முரண்பாட்டை மேலும் தெளிவாக்குகின்றது. நாட்டின் பாதுகாப்புக்கு ஊறு விளைவிப்போராகக் கருதப்படும் இரட்டைப் பிரஜைகளின் பிரஜாவுரிமையைத் தற்காலிகமாக இடைநிறுத்த அது வழிவகுத்தது. ஐரோப்பியப் பொருளாதாரப் பிரதேச நாடுகளின் பிரஜாவுரிமை உடையோர் இதற்கு விலக்கு. எனவே ருமேனியாவில் வாழும் மகியார் இதிலிருந்து தப்ப, சேர்பியாவில் வாழும் மகியார் இதன் வரம்புக்குள் வருகின்றார். மொழியாலும் முன்னோராலும் இருவரும் ஒரே இனத்தவர் என்று கூறிப் பிரஜாவுரிமை வழங்கிய அரசே, பின்னர் அவர்களை வேற்று நாட்டின் கடவுச்சீட்டைக் கொண்டு வேறுபடுத்துகின்றது.

பிரஜாவுரிமையை விரிவாக வழங்குதல் மட்டும் ஒரு சட்டத்தை நீதியுடையதாக்காது. வழங்கப்பட்ட உரிமை எல்லோரிடத்தும் ஒரே உறுதியுடன் நிலைக்கின்றதா என்பதைக் கொண்டே அச்சட்டம் மதிப்பிடப்படல் வேண்டும்.