பின்பாட்டு இல்லாத குரல்

மேச்சேரி, எடப்பாடிப் பக்கம் விடிய விடியக் கூத்துப் பார்த்தவர்களுக்கு ராப் கேட்கத் தனிப்பயிற்சி வேண்டியதில்லை. இரண்டு பேர் திரை பிடிக்க, வேஷக்காரர் அதன் பின்னால் நின்று தான் இன்னார் என்று பாடுவார். பின்பாட்டுக்காரர்கள் அந்த அடியை வாங்கித் திருப்புவார்கள். அப்புறம்தான் முகம் தெரியும். ராப் பாடகர் அறிவைக் கேட்கவும் இதே வரிசை உதவும்.

முதலில் கூட்டத்தோடு கேளுங்கள். அரக்கோணத்துக்காரரான அறிவு பலருக்கும் அறிமுகமானது ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவில். பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்த்த குழு அது. முதல் நிகழ்ச்சி 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் நடந்தது. பெயருக்கு வித்து, அயோத்திதாசப் பண்டிதர் பயன்படுத்திய ‘சாதிபேதமற்ற’ என்ற சொல். கானா, பறை, கிதார், ராப் எல்லாம் ஒரே மேடையில். இதைப் பெரிய ஸ்பீக்கரில்தான் கேட்க வேண்டும். ஒருவர் விட்ட வரியை இன்னொருவர் பிடிப்பதுதான் இதன் ருசி.

அடுத்து ஹெட்போன். 2019-இல் ஆஃப்ரோவின் இசையில் வந்த ‘தெருக்குறள்’ தொகுப்பில் வரியைத் தாங்கிப் பிடிக்க அந்தக் கூட்டம் இல்லை. மூச்சு எங்கே விடுகிறார் என்று கவனியுங்கள். ராப்பில் ஒலி பெரும்பாலும் வரியின் கடைசியில் ஒத்துப்போகும். நம் இலக்கணம் அதை இயைபு என்கிறது. தமிழ்ச் செய்யுளுக்கோ மோனையும் எதுகையும் முன்னாலேயே விழ வேண்டும். இரண்டு முனையும் சேர்ந்து இறங்கும் இடத்தில் கால் தானாகத் தாளம் போடும். போடாவிட்டால் இன்னொரு முறை கேளுங்கள், அவ்வளவுதான்.

அதே தொகுப்பில் ‘ஸ்னோலின்’ என்றொரு பாடல். 2018 மே 22 அன்று தூத்துக்குடி துப்பாக்கிச்சூட்டில் இறந்த இளம்பெண்ணின் பெயர் அது. முழக்கம் போடத் தெரிந்தவருக்கு ஓர் ஆளுக்காக அழவும் தெரியுமா என்பதை அங்கே பார்த்துவிடலாம்.

குழுவைத் தாண்டித் தனிப்பெயர் எடுப்பது ராப்பில் புதிதில்லை. அமெரிக்க ராப் குழுவான என்.டபிள்யூ.ஏ.விலிருந்து 1989-இல் விலகிய ஐஸ் கியூப் அடுத்த ஆண்டே தனித்தொகுப்பு தந்தார். மலேசியாவில் ‘பொயட்டிக் அம்மோ’வில் இருந்த யோகி பி, 2006-இல் நட்சத்ராவோடு ‘வல்லவன்’ கொண்டுவந்தார். ஆனால் அறிவிடம் ஒரு வேடிக்கை: கூட்டத்தைத் தாண்டி வந்தவர் தன்னைப் பற்றிப் பீற்றிக்கொள்ளாமல் பாட்டியிடம் போய்விட்டார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு ஊர் திரும்பிய வள்ளியம்மாளின் கதைதான் 2021-இல் வந்த ‘என்ஜாய் எஞ்சாமி’க்கு அடி உரம். 2024-இல் வந்த தனித்தொகுப்பின் பெயரே ‘வள்ளியம்மா பேராண்டி’. திரை விலகியதும் தெரிவது பேரனின் முகம். கூத்துப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.

சேலத்திலிருந்து நாமக்கல்லுக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஜன்னல் சீட் கிடைத்தால் ‘தெருக்குறள்’ தொகுப்பில் ஆரம்பியுங்கள், பாட்டியைத் திரும்பி வரும்போது கேட்கலாம்.