செடிக்கு ஊற்றுங்கள் கம்போஸ்ட் டீ!

என் கத்தரிச் செடிகளைப் பார்க்கிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "என்ன உரம் போடுறீங்க?" என்பதுதான். கம்போஸ்ட் டீ என்று சொல்லும்போதே எனக்கு உற்சாகம் பொங்கிவிடும். நன்றாக மட்கிய உரத்தைத் தண்ணீரில் ஊறவைத்து, காற்றூட்டி, அதிலுள்ள நுண்ணுயிர்களைப் பெருக்கி எடுக்கும் நீர் உரம் இது. இவ்வளவு மலிவாக இவ்வளவு நல்லது செய்யும் வேறொன்றை நான் கண்டதில்லை.

பினாங்கு மாநிலத்தின் சுங்கை பாக்காப் வட்டாரத்துக்கு இது மிக நன்றாகப் பொருந்துகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இங்கே கரும்புத் தோட்டங்கள் இருந்தன. நம் முன்னோர் பலர் அவற்றில் உழைக்க வந்தவர்கள். பிறகு ரப்பரும் செம்பனையும் வந்தன. இன்று தாமான் எனப்படும் குடியிருப்புகளில் வீடுகளின் பின்புறத்தில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் கொட்டி நிரப்பிய மண்தான். அடைமழை சத்தை அடித்துக்கொண்டு போய்விடும். வெயிலும் ஈரமும் மட்கை வெகு சீக்கிரம் தின்றுவிடும். இப்படிப்பட்ட மண்ணுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி ஊட்டுவதே சரி.

கொடுமுடி மருத்துவர் நடராஜன் பரப்பிய பஞ்சகவ்யம் என்ற நீர் உரத்தின் மீதும் எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. ஆனால் அதற்குச் சாணம், கோமியம், பால், தயிர், நெய் எல்லாம் வேண்டும். தாமானில் மாட்டுக்கு எங்கே போவது? கம்போஸ்ட் டீக்கோ காய்கறித் தோலும் காய்ந்த இலையும் மட்கினால் போதும்.

செய்முறை இதோ: இருபது லிட்டர் வாளியில் மழைநீரை நிரப்புங்கள். குழாய் நீர் என்றால் அதிலுள்ள குளோரின் நுண்ணுயிர்களைக் கொல்லும். ஒரு நாள் திறந்து வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். ஒரு கிலோ மட்கு உரத்தைப் பழைய துணியில் மூட்டை கட்டித் தொங்கவிடுங்கள். இரண்டு மேசைக்கரண்டி கரும்புச் சர்க்கரைப் பாகு அல்லது வெல்லம் கரைத்து ஊற்றி, மீன் தொட்டிக்கு வைக்கும் காற்று மோட்டாரை ஓடவிடுங்கள். நம் வெப்பத்தில் ஒரு நாள் போதும்.

மறுநாள் வாளியைத் திறந்து பாருங்கள்! தேயிலைச் சாறு போல நிறம், மேலே பழுப்பு நுரை, முதல் மழை விழுந்த மண்ணின் வாசம். அந்த வாசம்தான் பக்குவம். அழுகல் நாற்றம் அடித்தால் காற்று போதவில்லை என்று பொருள், செடிக்கு ஊற்றாதீர்கள். நல்ல டீயில் ஒரு பங்குக்கு ஐந்து பங்கு தண்ணீர் கலந்து, மாலையில் வேரடியில் ஊற்றுங்கள். மோட்டாரை நிறுத்திய நாலைந்து மணி நேரத்துக்குள் ஊற்றி முடித்து, வாளியை உடனே தேய்த்துக் கழுவிவிடுங்கள்.

என் மிளகாய்ச் செடி புதுக் கிளை விடுகிறது, கறிவேப்பிலை கொத்துக் கொத்தாகத் துளிர்க்கிறது. வெண்டையின் அடியில் மூடாக்கை விலக்கினால் ஈர மண்ணில் மண்புழு நெளிகிறது, நூல் நூலாக வெள்ளை வேர் ஓடுகிறது. மண்ணில் உயிர் இருந்தால்தான் செடிக்குச் சோறு. அந்த உயிரைத்தான் நாம் வாளி வாளியாக ஊற்றுகிறோம்.

செடி நோய்களை எல்லாம் தீர்க்கும் மருந்து இது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆய்வு முடிவுகள் ஒருமுகமாக இல்லை. இனிப்புச் சேர்ப்பதால், உரம் சரியாக மட்காதிருந்தால், கெட்ட கிருமிகளும் பெருகலாம். பச்சையாகத் தின்னும் கீரை, சாலட் இலைகள் மீது தெளிக்கவே வேண்டாம்.

வீட்டுத் தோட்டத்தையும் இயற்கை வேளாண்மையையும் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் நெடுங்காலமாக வலியுறுத்தி வருகிறது. அந்த வழியில் முதல் அடி எடுத்து வைக்க இதைவிட எளிய வேலை கிடையாது. இன்றைக்கே காய்கறித் தோலைக் குப்பையில் போடாமல் மட்க வையுங்கள். உரம் தயாரானதும் ஒரு வாளி டீ போட்டு ஊற்றிப் பாருங்கள்.